நீர்மூழ்கிக் கப்பலில் உலகுக்கே முன்னோடி பிரான்ஸ்... ஆனா ரேஸில் பின்தங்கியது ஏன்?

1901 ஜூலை மாதம். கோர்சிகா தீவின் அஜாக்சியோ துறைமுகத்துக்கு அருகே பிரெஞ்சுக் கடற்படையின் போர்ப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. 11,000 டன்னுக்கும் மேல் எடை கொண்ட 'சார்ல் மார்தெல்' போர்க்கப்பலில் ஒரு டார்பிடோ வந்து மோதியது. நல்லவேளை, அது வெடிமருந்து இல்லாத பயிற்சி டார்பிடோ. அதை ஏவியது நீருக்கடியில் பதுங்கி வந்த 'குஸ்தாவ் ஸெதே' என்ற நீர்மூழ்கி. அதன் எடை சுமார் 270 டன்தான்.

நிஜப் போராக இருந்திருந்தால், யானையை எறும்பு சாய்த்த கதையாகியிருக்கும்.

அந்த நாளில் உலகம் எப்படி இருந்தது என்று பாருங்கள். உலகின் மிகப்பெரிய கடற்படையான பிரிட்டனிடம் ஒரு நீர்மூழ்கிகூட இல்லை. அதன் முதல் படகு நீரில் இறங்கியதே அதே ஆண்டு அக்டோபரில்தான். ஜெர்மனியிடமும் இல்லை. அமெரிக்கக் கடற்படையில் சேவையில் இருந்தது ஒன்றே ஒன்று. பிரான்ஸ் மட்டும் 1888-லிருந்தே கட்டிக்கொண்டிருந்தது.

ஆனா 1914-ல் முதல் உலகப்போர் தொடங்கியதும் உலகம் பயந்தது பிரெஞ்சு நீர்மூழ்கியைப் பார்த்து அல்ல. ஜெர்மனியின் யு-போட்டைப் பார்த்து. பத்து, பதினைந்து வருட முன்னிலை எங்கே போனது?

பணம் இல்லை, தொழில்நுட்பம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் இருந்தன. சரியான கேள்வியை உலகில் முதலில் கேட்டவர்களில் பிரான்ஸும் ஒன்று. அதற்கு நல்ல பதிலும் கிடைத்தது. கிடைத்த பதிலில் உறுதியாக நிற்காததுதான் அது செய்த தப்பு.

காற்றில் ஓடிய முதல் கப்பல்

கதை 1863-ல் தொடங்குகிறது. பிரான்ஸின் ரோஷ்ஃபோர் கப்பல் கட்டும் தளத்திலிருந்து 'பிளாஞ்சூர்' என்ற நீர்மூழ்கி நீரில் இறக்கப்பட்டது. 'முக்குளிப்பவன்' என்று பொருள். கடற்படை அதிகாரி சிமியோன் பூர்ஜுவாவும் பொறியாளர் ஷார்ல் ப்ரனும் சேர்ந்து வடிவமைத்தது.

அதுவரை உலகில் கட்டப்பட்ட நீர்மூழ்கிகள் எல்லாம் மனிதர்கள் கையால் சுற்றியோ காலால் மிதித்தோ ஓட்டியவை. பிளாஞ்சூர்தான் இயந்திரத்தில் ஓடிய முதல் நீர்மூழ்கி. உள்ளே 23 தொட்டிகளில் அழுத்தி அடைத்த காற்று. அந்தக் காற்றே இன்ஜினை இயக்கும்.

ஐடியா அருமை. நடைமுறைதான் சொதப்பல். 40 மீட்டருக்கும் மேல் நீளமான அந்தப் படகை நீருக்குள் ஒரே ஆழத்தில் நிறுத்த முடியவில்லை. மூக்கு கீழே போகும், தரையில் இடிக்கும், மறுபடி மேலே வரும். அடைத்த காற்றும் சில மைல்களிலேயே தீர்ந்துபோகும். கடைசியில் அதைத் தண்ணீர் சுமக்கும் படகாக மாற்றிவிட்டார்கள். அந்த வேலையை அது 1930-கள் வரை பார்த்தது!

ஆனா அது முழுத் தோல்வியும் இல்லை. 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியில் பிளாஞ்சூரின் மாதிரியை ஓர் எழுத்தாளர் பார்த்தார். அவர் பெயர் ஜூல் வெர்ன். சில ஆண்டுகளில் அவர் எழுதிய கடலடி நாவலில் 'நாட்டிலஸ்' பிறந்தது. கற்பனைக் கப்பல் மின்சாரத்தில் ஓடியது. நிஜக் கப்பலுக்கு அந்த மின்சாரம் கிடைக்க இன்னும் இருபது வருடங்கள் ஆகின.

பலூன்காரர்கள் கட்டிய 'மின் விலாங்கு'

அடுத்த பெயர் துபுய் த லோம். ஆழ்கடலில் ஓடிய உலகின் முதல் இரும்புக் கவசப் போர்க்கப்பலை வடிவமைத்த பொறியாளர். பிற்காலத்தில் அவர் ஆகாயக் கப்பல் பக்கம் போனார். அதாவது இயக்கித் திருப்பக்கூடிய பலூன். கடைசியில் நீர்மூழ்கிக்கு வந்தார்.

பலூனுக்கும் நீர்மூழ்கிக்கும் என்ன சம்பந்தம்? யோசித்தால் இரண்டும் ஒரே கணக்குதான். ஒன்று காற்றில் மிதக்கிறது, மற்றது நீரில் மிதக்கிறது. இரண்டிலும் எடையைச் சமன் செய்து, ஒரு சின்ன மோட்டாரால் தள்ளி, மேலே கீழே திருப்ப வேண்டும்.

1885-ல் துபுய் த லோம் இறந்ததும், அவரது நண்பர் குஸ்தாவ் ஸெதே அந்தத் திட்டத்தை எடுத்துக்கொண்டார். மின் மோட்டாரை வடிவமைத்தவர் ஆர்தர் கிரெப்ஸ். இவரும் ஆகாயக் கப்பல்காரரே. 1884-ல் 'லா ஃபிரான்ஸ்' என்ற மின்சார ஆகாயக் கப்பலில் பறந்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து காட்டியவர்களில் ஒருவர்.

1888 செப்டம்பர் 24. தூலோன் துறைமுகத்தில் 'ஜிம்னோட்' நீரில் இறங்கியது. மின்சாரம் பாய்ச்சும் விலாங்கு மீனின் பெயர் அது. 17.8 மீட்டர் நீளம், சுமார் 30 டன் எடை, 55 குதிரைசக்தி மோட்டார், ஐந்து பேர் குழு. சிம்பிளா சொன்னா, ஒரு பெரிய சுருட்டு வடிவக் குழாய்க்குள் நூற்றுக்கணக்கான பேட்டரிகள்.

இன்றைய நீர்மூழ்கிகளில் சாதாரணமாக இருக்கும் பல விஷயங்களை முதலில் பரிசோதித்துப் பார்த்த படகுகளில் ஜிம்னோட் ஒன்று. மேலே நடப்பதைக் கீழிருந்தே பார்க்கும் பெரிஸ்கோப் ஒன்று. மின்சாரத்தில் சுழலும் கைரோஸ்கோப் இன்னொன்று. சுற்றிலும் உலோகமும் மின்சாரமும் இருந்தால் காந்த ஊசி குழம்பிவிடும். திசை தெரிய வேறு வழி வேண்டும். அதற்குத்தான் கைரோஸ்கோப்.

ஆனா ஒரு பெரிய குறை இருந்தது. பேட்டரி தீர்ந்தால் கதை முடிந்தது. கடலில் சார்ஜ் செய்ய வழியே இல்லை. துறைமுகத்துக்குத் திரும்பி வந்து, கரையில் உள்ள மின்சாரத்தில் செருகினால்தான் உண்டு. பவர் பேங்க்கும் இல்லை, சார்ஜரும் இல்லை, கையில் போன் மட்டும் இருக்கிறது என்றால் வீட்டை விட்டு எவ்வளவு தூரம் போவீர்கள்? ஜிம்னோட்டின் நிலைமையும் அதுதான்.

சின்னப் படகு, பெரிய கனவு

இவ்வளவு குறையுள்ள ஒரு படகுக்கு அரசு ஏன் பணம் கொடுத்தது? அதற்குப் பின்னால் ஒரு சித்தாந்தம் இருந்தது.

1886-ல் கடற்படை அமைச்சரானவர் அட்மிரல் தியோஃபில் ஓப். 'இளைய பள்ளி' என்று அழைக்கப்பட்ட சிந்தனைக் குழுவின் தலைவர். அவர்களின் வாதம் இப்படி: பிரிட்டனுக்கு இணையாகப் பிரான்ஸால் போர்க்கப்பல்கள் கட்ட முடியாது. அதனால் அந்தப் போட்டிக்கே போக வேண்டாம். ஒரு பெரிய போர்க்கப்பல் கட்டும் காசில் பல சிறிய டார்பிடோ படகுகள் கட்டலாம். எதிரியின் வணிகக் கப்பல்களைத் தாக்கினால், இறக்குமதியை நம்பி வாழும் பிரிட்டன் தானாகப் பணியும்.

ஜிம்னோட்டுக்கு ஒப்புதல் கொடுத்தவர் இந்த ஓப்தான். அவர் பதவியில் இருந்தது ஒன்றரை ஆண்டுகூட இல்லை. படகு நீரில் இறங்கியபோது அவர் அமைச்சரே இல்லை. பிரான்ஸின் மூன்றாம் குடியரசில் அரசுகள் அடிக்கடி கவிழும். கடற்படை அமைச்சரும் மாறிக்கொண்டே இருப்பார். ஒருவர் சின்னப் படகுக்காரர், அடுத்தவர் பெரிய கப்பல்காரர். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவுக்கு இது தேவைப்படும்.

ஜிம்னோட்டுக்கு அடுத்து அதைவிட மிகப் பெரிதாக ஒன்றைக் கட்டினார்கள். வடிவமைத்தவர் ஸெதேவோடு வேலை பார்த்த பொறியாளர் ரோமசோத்தி. 1891-ல் ஸெதே இறந்துவிட, 1893-ல் நீரில் இறங்கிய அந்தப் படகுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 48.5 மீட்டர் நீளம். உடல் வெண்கலக் கலவை. அஜாக்சியோவில் போர்க்கப்பலை 'மூழ்கடித்தது' இதுதான்.

ஆனா அந்த வெற்றிக்கு முன்னால் எட்டு வருடத் தலைவலி இருந்தது. பேட்டரிகள் பிரச்னை கொடுத்தன. எண்ணிக்கையைக் குறைத்தார்கள், வேகமும் குறைந்தது. நீருக்குள் போனால் திடீரென மூக்கைக் குத்திக்கொண்டு பாயும். மீனின் துடுப்பு மாதிரி பக்கவாட்டில் கூடுதல் இறக்கைகள் பொருத்திய பிறகுதான் அது சொன்ன பேச்சைக் கேட்டது.

மக்கள் காசு போட்டுக் கட்டிய நீர்மூழ்கி

1898-ல் நிலைமை மாறியது. ஆப்பிரிக்காவில், இன்றைய தெற்கு சூடானில் உள்ள ஃபஷோடா என்ற இடத்தில் பிரெஞ்சுப் படையும் பிரிட்டிஷ் படையும் நேருக்கு நேர் நின்றன. போர் வந்துவிடும் என்ற நிலை. கடலில் பிரிட்டனை எதிர்க்க முடியாது என்று தெரிந்த பிரான்ஸ் பின்வாங்கியது. நாடே அவமானமாக உணர்ந்தது.

சரியாக அந்த ஆண்டு டிசம்பரில்தான் குஸ்தாவ் ஸெதே ஒரு பயிற்சியில் 'மஜென்டா' என்ற போர்க்கப்பலைப் பயிற்சி டார்பிடோவால் அடித்தது. பிரெஞ்சு மக்களுக்கு இது போதாதா? 'லெ மத்தேன்' என்ற பாரிஸ் நாளிதழ் மக்களிடம் நிதி திரட்ட ஆரம்பித்தது. இன்றைய மொழியில் சொன்னா கிரவுட் ஃபண்டிங். அந்தப் பணத்தில் 'ஃபிரான்சே', 'அல்ஜேரியன்' என்று இரண்டு நீர்மூழ்கிகள் கட்டப்பட்டு 1901-ல் நீரில் இறங்கின.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனா இங்கேதான் கவனிக்க வேண்டும். மக்கள் காசில் கட்டிய அந்தப் படகுகளும் ஜிம்னோட் பரம்பரைதான். பேட்டரி மட்டும்தான். கடலில் சார்ஜ் செய்ய முடியாது. உணர்ச்சி புதிது, தொழில்நுட்பம் பழசு. அதைவிட நல்ல வடிவமைப்பு அதற்குள் அதே நாட்டில், அதே செர்பூர் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருந்தது.

கேள்வியை மாற்றிய போட்டி

அந்த நல்ல வடிவமைப்பு ஒரு போட்டியில் பிறந்தது.

1895 நவம்பரில் எதுவார் லாக்ருவா கடற்படை அமைச்சரானார். முதல் முறை அவர் பதவியில் இருந்தது ஆறு மாதம்கூட இல்லை. ஆனா அதற்குள் ஒரு முக்கியமான காரியம் செய்தார். 1896-ல் ஒரு திறந்த போட்டியை அறிவித்தார். விதிகள் மிகத் தெளிவு:

- எடை 200 டன்னுக்குள் இருக்க வேண்டும்.
- நீரின் மேற்பரப்பில் 12 நாட் வேகம் போக வேண்டும். அதாவது மணிக்கு சுமார் 22 கி.மீ.
- மேற்பரப்பில் 100 கடல் மைல், சுமார் 185 கி.மீ. ஓட வேண்டும்.
- நீருக்கடியில் 8 நாட் வேகத்தில் 10 கடல் மைல் ஓட வேண்டும்.

எண்களைத் திரும்பப் பாருங்கள். மேலே 100, கீழே 10. இந்த விகிதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. அதுவரை எல்லாரும் கேட்ட கேள்வி, 'நீருக்கடியில் ஓடும் படகை எப்படிக் கட்டுவது?' லாக்ருவாவின் விதிகள் கேட்டது வேறு: 'தூரமாகக் கடலுக்குப் போய், தேவைப்படும்போது மட்டும் மூழ்கி, சண்டை போட்டுத் திரும்பி வரும் படகை எப்படிக் கட்டுவது?'

29 வடிவமைப்புகள் வந்தன. வென்றவர் மக்சிம் லோபெஃப் என்ற கடற்படைப் பொறியாளர். லாக்ருவா 1898-ல் மீண்டும் அமைச்சரானார். 1899 அக்டோபரில் செர்பூரில் லோபெஃப்பின் 'நார்வால்' நீரில் இறங்கியது. கொம்புள்ள திமிங்கிலத்தின் பெயர் அது.

நார்வால் எப்படி வேலை செய்தது?

இரண்டு விஷயங்கள் முக்கியம்.

முதலாவது, இரண்டு வகை இன்ஜின். மேற்பரப்பில் எண்ணெய் எரித்து ஓடும் நீராவி இன்ஜின். நீருக்கடியில் மின் மோட்டார். நீராவி இன்ஜின் படகை ஓட்டுவதோடு பேட்டரியையும் சார்ஜ் செய்யும். இனி சார்ஜுக்காகத் துறைமுகம் திரும்ப வேண்டியதில்லை. ஜிம்னோட்டைச் சார்ஜிங் ஸ்டேஷன் இல்லாத ஊரில் ஓடும் மின்சாரக் கார் என்று வைத்துக்கொண்டால், நார்வால் ஒரு ஹைபிரிட் கார்.

இரண்டாவது, இரட்டை உடல். தெர்மாஸ் ஃபிளாஸ்க் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று. உள்ளே இருப்பது நீரின் அழுத்தத்தைத் தாங்கும் உறுதியான உடல். வெளியே இருப்பது சாதாரணப் படகு மாதிரி அலையில் ஓடுவதற்கு ஏற்ற வடிவம். இரண்டுக்கும் நடுவே தொட்டிகள். மூழ்க வேண்டுமா? தொட்டியில் கடல்நீரை விடு. மேலே வர வேண்டுமா? வெளியேற்று. மூழ்கும்போது வெளி உடலின் இரு பக்கமும் நீர் இருப்பதால் அழுத்தம் சமமாகிவிடும். அதனால் அதைக் கனமாகக் கட்டத் தேவையில்லை.

இதில் ஒரு பெரிய பாதுகாப்பும் இருந்தது. மேற்பரப்பில் நார்வாலின் எடை சுமார் 117 டன், நீருக்குள் சுமார் 202 டன். அதாவது மேலே மிதக்கும்போது அதன் கொள்ளளவில் சுமார் 40 சதவீதம் நீருக்கு மேலே நிற்கும். இதை 'மிதவை இருப்பு' என்று சொல்லலாம். ஓர் அலை அடித்தாலும், கொஞ்சம் தண்ணீர் உள்ளே வந்தாலும் உடனே மூழ்கிவிடாது. பழைய ஒற்றை உடல் படகுகளில் இந்த இருப்பு 10 சதவீதத்துக்கும் குறைவு. மேலே மிதக்கும்போதே கழுத்துவரை தண்ணீர்.

நியாயமாகச் சொன்னா, இந்த வழியில் யோசித்தது லோபெஃப் மட்டும் இல்லை. அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த ஜான் ஹாலண்டும் அதே காலத்தில் பெட்ரோல் இன்ஜினையும் மின் மோட்டாரையும் ஒரே படகில் சேர்த்தார். 1900-ல் அமெரிக்கக் கடற்படை வாங்கியது அதைத்தான். ஆனா ஹாலண்ட் பல வருடங்கள் தனியாளாகப் போராட வேண்டியிருந்தது. பிரான்ஸில் அரசே போட்டி வைத்து, அரசே கட்டிக் கொடுத்தது. அதுதான் பெரிய முன்னிலை.

எதிர்த்தரப்பு சொன்னதிலும் நியாயம் உண்டு

நார்வாலை ரோமசோத்தி அணி ஏற்கவில்லை. அவர்கள் வெறும் பொறாமைக்காரர்கள் இல்லை. நார்வாலின் நீராவி இன்ஜினுக்குப் புகைபோக்கி உண்டு, கொதிகலன் உண்டு. மூழ்குவதற்கு முன் நெருப்பை அணைத்து, புகைபோக்கியை இறக்கி, திறப்புகளை எல்லாம் மூட வேண்டும். தொடக்கத்தில் இதற்கு 20 நிமிடங்களுக்கும் மேல் ஆனது. எதிரிக் கப்பல் கண்ணுக்குத் தெரிந்த பிறகு 20 நிமிடம் என்பது ரொம்ப லேட். உள்ளே வெப்பமும் தாங்காது. மின்சாரப் படகுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

அவர்களின் இன்னொரு வாதம், துறைமுகத்தைக் காக்கத்தானே படகு, எதற்குத் தூரமாகப் போக வேண்டும்? பிரிட்டன் வந்து முற்றுகையிட்டால் வாசலிலேயே அடிக்கலாம். அன்றைய சூழலில் இதுவும் அர்த்தமுள்ள வாதம்தான்.

ஆனா நார்வாலின் குறை இன்ஜினில் இருந்தது. ஜிம்னோட் பரம்பரையின் குறை அடிப்படை யோசனையிலேயே இருந்தது. இன்ஜினை மாற்றலாம். அப்படித்தான் நடந்தது. 1904-ல் லோபெஃப் வடிவமைத்த 'எக்ரெத்' நீரில் இறங்கியது. கொதிகலன் இல்லை, புகைபோக்கி இல்லை. பதிலுக்கு டீசல் இன்ஜின். உலகின் முதல் டீசல் நீர்மூழ்கிகளில் ஒன்று. மேலே டீசல், கீழே பேட்டரி. அடுத்த அரை நூற்றாண்டுக்கு உலகக் கடற்படைகள் பயன்படுத்திய சூத்திரம் அதுதான். அது பிரான்ஸின் கையில் 1904-லேயே இருந்தது.

பதில் கையில் இருந்தும் தயக்கம்

அப்புறம் என்ன? எக்ரெத்தை வரிசையாகக் கட்டியிருக்க வேண்டாமா?

இல்லை. அந்த வகையில் நிறையப் படகுகள் திட்டமிடப்பட்டன. கடைசியில் கட்டி முடிக்கப்பட்டவை இரண்டே இரண்டு.

1902 முதல் 1905 வரை கடற்படை அமைச்சராக இருந்தவர் கமீல் பெல்தான். தீவிர அரசியல்வாதி. சின்னப் படகுகளின் ரசிகர். இந்தக் காலத்தில் 'நயாத்' வகையில் 20 சிறிய ஒற்றை உடல் படகுகள் கட்டப்பட்டன. ஒவ்வொன்றும் சுமார் 70 டன்தான். துறைமுக வாசலைத் தாண்டிப் பெரிதாக எதுவும் செய்ய முடியாதவை. எண்ணிக்கை மட்டும் ஏறியது.

1905-ல் செர்பூரில் எக்ரெத்தையும் ஓர் ஒற்றை உடல் படகையும் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். முடிவு லோபெஃப்பின் வழிக்கே சாதகம். 1896-ல் கேட்ட கேள்விக்கு 1899-ல் கிடைத்த பதிலை, 1905-ல் மறுபடி உறுதி செய்துகொண்டார்கள். அதற்குப் பிறகும் இரண்டு வகையும் சேர்ந்தே கட்டப்பட்டன. வாங்கிய பெரிய தொகுதியான 'ப்ளூவியோஸ்' வகை 18 படகுகளில் இரட்டை உடல் இருந்தது. ஆனா இன்ஜின்? மறுபடி நீராவி! அன்றைய டீசல் இன்ஜின்களை நம்ப அவர்களுக்கு மனம் வரவில்லை.

ஆபீஸில் புராஜெக்ட் பார்ப்பவர்களுக்கு இந்தக் கதை பழக்கமாக இருக்கும். மேனேஜர் மாறுகிறார், ரெக்வயர்மென்ட் மாறுகிறது. ஒவ்வொரு முறையும் புது மாதிரி. எதுவும் இரண்டாவது வெர்ஷனுக்குப் போவதில்லை.

தயக்கத்தின் விலையைக் கொடுத்தது யார்?

இதை வெறும் நிர்வாகக் குழப்பம் என்று விட்டுவிட முடியாது.

1905 ஜூலை 6. துனிசியாவின் பிஸெர்த் துறைமுகம். 1901-ல் நீரில் இறங்கிய 'ஃபார்ஃபதே' என்ற ஒற்றை உடல் நீர்மூழ்கி பயிற்சிக்காக மூழ்கத் தொடங்கியது. மேல் மூடி சரியாக மூடவில்லை. தண்ணீர் உள்ளே பாய்ந்தது. மூடி அருகே இருந்த தளபதி உள்பட ஒரு சிலர் மட்டும் வெளியே வீசப்பட்டுப் பிழைத்தார்கள். மற்றவர்களோடு படகு அடியில் போய்ப் படுத்தது.

உள்ளே சிலர் உயிரோடு இருந்தார்கள். வெளியே இருந்து தட்டினால் உள்ளிருந்து பதில் தட்டல் கேட்டது. தூக்குவதற்கான முயற்சிகள் தோற்றன. பிறகு தட்டல் நின்றது. 14 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அதே பிஸெர்த்தில், அதே வகையைச் சேர்ந்த 'லுதேன்' மூழ்கியது. அதில் இருந்த ஒருவரும் திரும்பவில்லை.

நேரடிக் காரணம் ஒரு மூடிதான். ஆனா மிதவை இருப்பு குறைவான படகில் சின்னத் தவறுக்குக்கூட இடம் இல்லை. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். இரட்டை உடல் இருந்தால் விபத்தே வராது என்று அர்த்தம் இல்லை. 1910-ல் கலே துறைமுகம் அருகே ஒரு பயணிகள் கப்பல் மோதி, இரட்டை உடல் கொண்ட ப்ளூவியோஸ் தன் குழு முழுவதோடும் மூழ்கியது. ஆனாலும் அலை, மூடி, கவனக்குறைவு போன்ற அன்றாட ஆபத்துகளுக்கு எதிராகக் கையில் இருந்த பாதுகாப்பை, 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்று தள்ளிப்போட்டது நியாயமா? அந்த விவாதத்தில் பேசியவர்கள் எல்லாம் கரையில் இருந்தார்கள்.

பதிலை எடுத்துக்கொண்ட பக்கத்து வீடு

லோபெஃப்பிடம் வேலை பார்த்த தெக்வில்லே என்ற ஸ்பானியப் பொறியாளர் ஜெர்மனியின் குருப் நிறுவனத்துக்குப் போனார். 1906-ல் ஜெர்மன் கடற்படையின் முதல் நீர்மூழ்கியான யு-1 நீரில் இறங்கியது. வடிவமைத்தவர் அவர்தான். உடல் இரட்டை உடல்!

ஜெர்மனி தாமதமாக வந்தது. ஆனா வந்த பிறகு ஒரே வழியில் போனது. முதலில் மண்ணெண்ணெய் இன்ஜின், பிறகு டீசல். ஒவ்வொரு வகையிலிருந்தும் அடுத்த வகைக்குப் படிப்படியாக ஏறியது. 1914 செப்டம்பர் 22 அன்று யு-9 என்ற ஒற்றை நீர்மூழ்கி, ஒரே காலையில் மூன்று பிரிட்டிஷ் கப்பல்களை மூழ்கடித்தது. 1,400 பேருக்கும் மேல் இறந்தார்கள். பிறகு வணிகக் கப்பல்களைக் குறிவைத்துப் பிரிட்டனின் கழுத்தை நெரிக்கப் பார்த்தது. அட்மிரல் ஓப் 1880-களில் கண்ட கனவு அது. நிறைவேற்ற முயன்றது வேறு நாடு.

பிரெஞ்சு மாலுமிகளின் துணிச்சலில் குறை இல்லை. 1915-ல் மட்டும் துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைக்குள் புகுந்து போராடியதில் பிரான்ஸ் நான்கு நீர்மூழ்கிகளை இழந்தது. ஆனா அவர்கள் கையில் கொடுத்த படகுகள், பத்து வருட ஊசலாட்டத்தின் விளைவு.

இன்றைக்கு இது எதற்கு?

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் ஒரு தொடர்பு உண்டு. மும்பை மஸகான் தளத்தில் கட்டப்பட்ட ஆறு கல்வரி வகை நீர்மூழ்கிகளின் வடிவமைப்பு பிரான்ஸுடையது. 2017 டிசம்பரில் ஐஎன்எஸ் கல்வரி சேவைக்கு வந்தது. 2025 ஜனவரியில் ஆறாவதான ஐஎன்எஸ் வாக்‌ஷீர். அவற்றை வடிவமைத்த நிறுவனம் இன்றும் நார்வால் பிறந்த செர்பூரில் நீர்மூழ்கிகள் கட்டுகிறது. இரட்டை உடல் இன்று எல்லா நீர்மூழ்கிகளிலும் இல்லை. ஆனா டீசல் இன்ஜின் பேட்டரியைச் சார்ஜ் செய்ய, நீருக்கடியில் அந்தப் பேட்டரியில் ஓடுவது என்ற ஏற்பாடு கல்வரியிலும் அதேதான்.

அந்த ஆறு படகுகளுக்கான ஒப்பந்தம் போட்டது 2005-ல். ஆறாவது வந்து சேர இருபது ஆண்டுகள். 'தாமதம்' என்ற விமர்சனம் சரியே. ஆனா நடுவில் அரசு மாறியும் வடிவமைப்பு மாறவில்லை; ஒரே வகையில் ஆறு படகுகள் வந்துவிட்டன. அடுத்த தலைமுறை நீர்மூழ்கிகளைப் பற்றிப் பேசும்போது 'உலகில் முதல்', 'மிகப் பெரியது' போன்ற தலைப்புச் செய்திகளைவிட, நாம் கேட்பது என்ன, கிடைத்த பதிலில் எத்தனை வருடம் நிற்கப் போகிறோம் என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

லாக்ருவாவின் போட்டி விதிகள் நான்கே வரி. ஆறு மாதம்கூட நீடிக்காத ஓர் அமைச்சர் எழுதவைத்த அந்த நான்கு வரியில் நவீன நீர்மூழ்கி பிறந்தது. அடுத்த பத்து ஆண்டுகள் வந்தவர்கள் அந்த நான்கு வரியைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும், 1914-ல் உலகம் பயந்தது செர்பூரைப் பார்த்துத்தான் இருந்திருக்கும்.